மூன்று நிமிடச் சாட்சி

ஓகஸ்ட் 10, புதன்

மரண அறிவித்தல். பாலாவிச் சந்தியைப் பிறப்பிடமாகவும், என் இடது காலை வதிவிடமாகவும் கொண்ட ரப்பர் செருப்பு இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வார் அறுந்து காலமானது. (காலில் இருந்தது காலமாவது இயற்கை.) அன்னார் வலது செருப்பின் அன்புத் துணைவரும், என் அம்மாவின் கையில் பல தடவை ஆயுதமாகச் சேவை செய்தவரும் ஆவார். பூதவுடல் வேலிக்குப் பின்னால் வீசப்பட்டது. உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

காற்று. கற்பிட்டி வீதி நெடுக ஒரே காற்று. தென்னை எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, பக்கத்து வளவை வேவு பார்க்கிற மாதிரி. பல்லுக்குள் மணல்.

இடம்: புத்தளம் கடல்நீர்க் களப்போரம் ஒரு பழைய தியான இல்லம். கம்பஸ் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தின் ஐந்து நாள் முகாம். கதவில் தலைப்பு: "ஆவிக்குரிய வளர்ச்சியும் விசுவாசத்தைப் பகிர்தலும்." நான் பாலாவிக்காரன். பெயரிலேயே பாலும் இருக்கிறது, ஆவியும் இருக்கிறது. வளர்ச்சிக்கு வேண்டிய பால்மாதான் நாட்டில் இல்லை.

பொறுப்பு: ரூபி அக்கா. முழுநேர ஊழியர், மட்டக்களப்பு. கழுத்தில் விசில், கையில் நேரம் பார்க்கிற மணிக்கூடு. (இனி ரூ.அ.)

அறைத் தோழன்: பிரவீன், ஹட்டன். மூன்று போர்வை கொண்டு வந்திருக்கிறான். புத்தளத்துக்கு. ஓகஸ்ட் மாதத்தில்.

இங்கே ஒரு வழக்கம். முதலாம் வருடம் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியர் "நடைத்துணை". காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் களப்போரம் அரை மணி நேரம் நடக்க வேண்டும். சீனியர் மூன்று கேள்வி கேட்பார்: நேற்று என்ன வாசித்தாய்? எங்கே இடறினாய்? யாருக்குச் சொன்னாய்? கடைசியில் சீனியர் ஜெபிப்பார். பிறகு பாண்.

எனக்குக் கிடைத்தவர் சீலன் அண்ணா (சீ.அ.). மூன்றாம் வருடம், முல்லைத்தீவு. கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சேட். ஒரு வசனம் பேச மூன்று தரம் மூச்சு விடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அடுத்த வருடத்து நடைத்துணைகள் எல்லோருக்கும் அவரைத்தான் பொறுப்பாக வைத்து ஜெபிக்கப் போகிறார்கள். "ஐக்கியத்திலேயே பொறுமையான பிள்ளை" என்றார் ரூ.அ. அதனால்தான் என்னைக் கொடுத்திருக்கிறார்கள். பொறுமைக்குப் பரீட்சைத்தாள் நான்.

மதியம்: சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம்.

நான் சத்தமாக: "அண்ணா, அகதி முகாம் சாப்பாடு மாதிரி இருக்கே!"

மேசை முழுக்கச் சிரிப்பு. சீ.அ. சிரிக்கவில்லை. "அங்க கத்தரிக்காய் இல்லை" என்றார். பிறகு தன் அப்பளத்தை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

சாப்பிட்டேன்.

நாளைக்கு வேலை: எல்லோரும் மூன்று நிமிடச் சாட்சி எழுதி வாசிக்க வேண்டும். இயேசுவை அறிய முன் எப்படி, அறிந்தது எப்படி, அறிந்த பின் எப்படி. "நான்" என்ற சொல் ஐந்து தரத்துக்கு மேல் வரக்கூடாது.

என் சாட்சி, உள்ளபடி:
பிறந்தேன்.
நாற்பதாம் நாள் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். அழுதேன்.
ஞாயிறு பாடசாலை. மனன வசனத்துக்கு இரண்டாம் பரிசு, சவர்க்காரப் பெட்டி.
இன்னும் அதே பெட்டி.

முப்பது விநாடி. அதில் பத்து விநாடி சவர்க்காரம்.

ஓகஸ்ட் 11, வியாழன்

வெற்றி! வெற்றி! வெற்றி!

ஒழுங்காக எழுதுகிறேன். காலை நடை. வெறுங்காலோடு நான், செருப்போடு சீ.அ. கொஞ்சத் தூரம் போனதும் அவரும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "மணல் நல்லா இருக்கு" என்றார். மணல் நன்றாக இல்லை. முழுக்கச் சிப்பி.

"எங்க இடறினனீ?"

"சிப்பியில அண்ணா."

சிரித்தார்! இரண்டு பல் தெரிந்தது. பதிவு செய்கிறேன்.

பத்து மணிக்குச் சாட்சி. பிரவீன் முதலில். அவனுடைய அப்பா குடியை விட்ட கதை. "நம்ம அப்பா தண்ணி போட்டா தோட்டத்துல லயமே முழிச்சிக்கும்" என்று தொடங்கினான், முடிக்கும்போது மூக்கைத் துடைத்தான். அடுத்து ஒரு தங்கச்சிக்கு நோய் மாறிய கதை. அடுத்தது நான். கையில் சவர்க்காரப் பெட்டிச் சாட்சி.

எழுந்து நின்றேன். தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

சுருக்கம்: வயது பதினைந்து. இதே களப்பு. தோணி, இருட்டு, புயல். தோணி கவிழ்கிறது. ஆழம். கீழே போகிறேன். இன்னும் கீழே. மூச்சு முட்டுகிறது. "இயேசுவே!" என்று கூப்பிடுகிறேன். ஒரு கை. யாரென்று தெரியாத கை. கழுத்துப்பட்டியைப் பிடித்து மேலே தூக்குகிறது. கண் திறந்தால் கரையில் கிடக்கிறேன். சுற்றிவர ஒருவரும் இல்லை.

ஒரு சத்தமும் இல்லை மண்டபத்தில். காற்று மட்டும். ரூ.அ. மணிக்கூட்டை அமத்த மறந்துபோனார். நாலு நிமிடம் நாற்பது! "நான்" எத்தனை தரம் என்று ஒருவரும் எண்ணவில்லை. நோய் மாறிய தங்கச்சி அழுதாள். பிரவீன், "என்னாடா மச்சான், இவ்வளவு நாளா ஒண்ணும் சொல்லல" என்று முதுகில் அடித்தான்.

உண்மை எவ்வளவு என்று இந்தக் கொப்பி கேட்டால்: களப்பு உண்மை. தோணி உண்மை. விழுந்ததும் உண்மை. பட்டப்பகல், புயல் கிடையாது. நெஞ்சளவு தண்ணீர் இருந்திருக்கும். நானே நீந்தி, அலட்டிக்கொள்ளாமல் கரைக்கு வந்தேன். ஆனால் நீந்தி வந்தவனிடம் என்ன சாட்சி? மிச்சம் என் கைவேலை.

பலன்: ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சனத்தோடு நடக்கும் ஆராதனையில் முகாம் சார்பில் சாட்சி சொல்வது நான். ரூ.அ. அறிவித்தார். கைதட்டல்.

சீ.அ. கை தட்டவில்லை. கதிரையை மெதுவாகத் தள்ளிவிட்டு எழுந்து களப்புப் பக்கம் போனார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பொறாமையாக இருக்குமோ?

சிறு ஆபத்து: பின்னேரம் குசினிக்கு மீன் கொண்டு வந்த ஆள் ரஹீம் நானா! அப்பாவின் கூட்டாளி. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது மன்னாரிலிருந்து வந்தவர்; அப்பாவின் உப்பு லொறியில் எத்தனையோ தரம் மீன்பெட்டி ஏற்றியவர். நான் விழுந்த தோணி அவருடையது. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்தேன், அவர் சைக்கிள் போகும் வரை. முழங்காலில் பாசி.

ஓகஸ்ட் 12, வெள்ளி

காற்று குறைவு. இன்றைக்கு என்று பார்த்துக் குறைவு. சொன்னது எல்லாம் தெளிவாகக் கேட்டது.

நடை. சீ.அ. மூன்று கேள்வியையும் கேட்கவில்லை. களப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தூரத்தில் உப்பு வாடிப் பக்கம் வெள்ளைக் கோடு. பிறகு:

"அந்தக் கை எப்பிடி இருந்தது?"

"எந்தக் கை அண்ணா?"

"உன்னைப் பிடிச்ச கை."

சிரிப்புக் காட்டலாம் என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"சூடா இருந்திச்சி அண்ணா."

"ம். தண்ணிக்குள்ளயும் சூடா?"

"ஓம்."

கொஞ்சத் தூரம் நடந்தோம். ஒரு நாய் எங்களோடு வந்தது. பிறகு போய்விட்டது.

"நீ என்ன சொல்லிக் கூப்பிட்டனீ?"

"இயேசுவே எண்டு."

"எத்தின தரம்?"

"மூணு தரம்" என்றேன். ஏன் மூன்று என்று தெரியாது. மூன்றுதான் வந்தது.

"மூண்டு தரம்" என்று அவரும் சொன்னார். கணக்குப் பாடத்தில் விடையைச் சரிபார்க்கிற மாதிரி.

பிறகு சொன்னார். எழுதுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்கு வேறு எதுவும் எழுத ஏலாது.

யுத்தத்தின் கடைசிக் கட்டம். நந்திக்கடல். அவருக்குப் பதினொரு வயது, தம்பி றெஜிக்கு ஏழு. சனத்தோடு சனமாகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அம்மா முன்னுக்கு, தலையில் பை. தம்பியின் கை இவர் கையில். அவருக்குக் கழுத்தளவு, தம்பிக்குத் தலைக்கு மேல், அதனால் தூக்கித் தூக்கி வந்தார்.

"ஒரு சத்தம். பிறகு என்ர கைக்குள்ள அவன்ர கை இல்லை. ரெண்டு மூண்டு முறை கூப்பிட்டவன். நான் கேட்டனான். ஆனா எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை."

நடப்பதை நிறுத்தினார்.

"ஒரு கையும் வரேல்லை" என்றார். "பதின்மூண்டு வருசமா நான் அதை ஒருத்தரிட்டயும் கேட்டதில்லை. அந்த நேரம் அப்பிடித்தான் எண்டு விட்டிட்டன். நேற்று நீ சொன்ன பிறகு, இரவு முழுக்க அதுதான். கை வாறதெண்டா, ஏன் உன்னட்ட வந்தது? உன்னில கோவமில்லை, தம்பி. நீ தப்பினது எனக்குச் சந்தோசம்."

எனக்குச் சந்தோசம் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் பிரச்சினை.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாலு சொல் போதும்: "அண்ணா, அது பொய் அண்ணா." மனதுக்குள் மூன்று தரம் சொன்னேன். வாய்க்குள்ளும் ஒரு தரம் வந்தது. அப்போது விசில்.

நடை முடிவில் வழக்கப்படி சீனியர் ஜெபிக்க வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீயே முடி" என்றார். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே சொன்னேன். பாதியில் வசனம் மறந்துபோனது. அவர் எடுத்துக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்மா, ரஹீம் நானா வரவில்லை. மீனும் இல்லை. நான் பத்திரம். அப்படி ஒன்றும் பத்திரமாக இருக்கவில்லை.

இன்று செய்ய நினைத்த குறும்புகள்: பிரவீனின் மூன்றாவது போர்வையில் கூனி இறால் தூவுதல். ரூ.அ.வின் விசிலுக்குள் பஞ்சு. செய்தது: பூச்சியம்.

ஓகஸ்ட் 13, சனி

பாணும் சம்பலும். சீ.அ. தேத்தண்ணி மட்டும். நடைக்கு வரவில்லை; தலையிடி என்று சொல்லி அனுப்பினார். நான் தனியாகக் கரையில் நின்று மூன்று கேள்வியையும் என்னிடமே கேட்கப் பார்த்தேன். இரண்டாவது கேள்வியோடு திரும்பி வந்துவிட்டேன்.

தேநீர் இடைவேளை. அவர் ஒரு கடிதத்தை ரூ.அ.விடம் கொடுத்ததைக் கண்டேன். ரூ.அ. நின்ற இடத்திலேயே வாசித்தார். இரண்டாம் தரம் வாசித்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார். விசில் நெஞ்சில் ஆடியது.

"மனே, இஞ்ச வா. நேற்று அவனோட நடந்தது நீதானே? என்ன கதைச்சீங்க?"

"ஒண்டுமில்ல அக்கா. களப்பைப் பத்தி."

"களப்பைப் பத்தி என்ன?"

"பெரிய களப்பு எண்டு."

ரூ.அ. என்னை அப்படியே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி: "அவன் பொறுப்பு வேணாமெண்டிட்டான். இனி ஒருத்தரையும் நடத்த ஏலாதாம். ஜெபிக்க வாய் வருகுதில்லையாம். நாளைக்கு ஆராதனை முடிஞ்ச கையோட வவுனியா பஸ் எடுக்கிறானாம். முகாமை மட்டுமில்ல, ஐக்கியத்தையே விட்டிட்டுப் போறான்." என் தோளில் கை வைத்தார். "நாளைக்கு நீ உன்ட சாட்சியை நல்லாச் சொல்லு மனே. அதைக் கேட்டாவது அவன்ட மனசு எழும்பட்டும்."

கால் பெருவிரலைப் பார்த்தேன். நகத்துக்குள் சேறு.

பதினொரு மணிக்கு எல்லோரும் இரண்டு இரண்டு பேராக ஊர் வீடுகளுக்கு. சபையார் வீடுகள் மட்டும். ரூ.அ.வின் சட்டம்: கேட்டால் மட்டும் சொல், கேட்காத வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வா, ஒருவருடைய கோயிலையும் பள்ளிவாசலையும் பற்றி வாய் திறக்காதே, தெரியாததைத் தெரியாது என்று சொல். "உண்மையைத் தவிர உங்களிட்ட குடுக்க ஒண்டுமில்ல, பிள்ளையள்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்ன மாதிரி இருந்தது.

நானும் பிரவீனும் வாசலைத் தாண்டவில்லை. சைக்கிள் பிறேக். கரியரில் மீன்பெட்டி. ஓடி ஒளிய வேலிதான் இருந்தது.

"அட! உப்பு லொறி மகன்! நீ இங்கயா ஈக்கிறே? வாப்பா சொகமா?"

"சுகம் நானா. நாங்க அவசரமா போறம்."

"பொறு பொறு. குசினில சொன்னாங்க, இந்த முகாமுல ஒரு புள்ளய களப்புல ஆண்டவன் காப்பாத்தினானாம். கேட்டு எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிப் போச்சு. ஆரு அது?"

பிரவீன் பெருமையோடு என்னைக் காட்டினான். "இவன்தாங்க நானா! இதே களப்புல. பொயல்ல தோணி கவுந்து..."

ரஹீம் நானா என்னைப் பார்த்தார். களப்பைப் பார்த்தார். திரும்ப என்னை.

"பிரவீன்," என்றேன், "ரூபி அக்கா உன்ன கூப்பிடுறா."

"எங்க? விசில் கேக்கலயே."

"கேட்டிச்சி. போ."

போனான். ரஹீம் நானா சைக்கிளை வேலியில் சாய்த்தார். வாயில் சிரிப்பு அடக்கிய அடையாளம்.

"பொயல்?"

மீன்பெட்டியைப் பார்த்தேன்.

"கவுந்திச்சா என்ட தோணி? முப்பது வருசமா கவுக்காத தோணிய நீ நாலு நிமிசத்துல கவுத்துட்டியேடா!"

"நானா, மெதுவா."

"அந்தப் பக்கம் முழுக்க வத்தல். கோழி நடந்து போகும். நீ மாமன்ட புள்ளைகளுக்கு ஷோக் காட்ட தோணி விளிம்புல நிண்டே. விழுந்தே. சேத்துல செருப்பு மாட்டிச்சு. எழும்பி நிண்டா முடிஞ்சிச்சு, நீ எழும்பலியே! படுத்துக்கிட்டு நீச்சலடிச்சே!" இப்போது சிரிப்பு வெளியே வந்துவிட்டது. பிறகு நின்றது. விரலை நீட்டினார். "சரி, பொயல வச்சிக்க. இருட்ட வச்சிக்க. ஆனா மகன், கழுத்துப்பட்டியப் புடிச்சித் தூக்கினது இந்தக் கை. தோள்பட்ட ரெண்டு மாசம் நொந்திச்சு. அதச் சொன்னியா?"

"இல்ல நானா."

"ஆரு தூக்கினதா சொன்னே?"

"ஆருமில்ல எண்டு."

"ஆருமில்ல." அவருக்கு அது உண்மையாகவே பிடிக்கவில்லை. மீன்பெட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். போகும்போது திரும்பிப் பார்க்காமல்: "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயப்படாத."

பயப்பட்டேன்.

வியாழக்கிழமைப் பக்கத்தில் திருத்தம்: நீந்தி வரவில்லை. நெஞ்சளவும் இல்லை.

மத்தியானம் ஓரா மீன் குழம்பு. நானாவின் கை பிடித்த மீன். இரண்டு துண்டு போட்டார்கள், ஒன்றைப் பிரவீனுக்குத் தள்ளினேன். பிரவீன் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

பின்னேரம் சீ.அ. கட்டிலில் பையை அடுக்கினார். மடிப்புக் கலையாமல் மூன்று சேட். வாசலில் நின்றேன்.

"அண்ணா."

"சொல்லு."

"உங்கட செருப்பு வெளிய கிடக்கு."

"ம். நீ போடு. எனக்கு வேற சப்பாத்து இருக்கு."

நான் கோழை என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம். இதற்கு மூன்று நிமிடமும் தேவையில்லை.

ஓகஸ்ட் 14, ஞாயிறு

காற்று பழையபடி. ஆராதனைக்கு ஊர்ச் சனம் நிறைய. ரூ.அ. என் பெயரைச் சொன்னார். நிமிர்ந்த தலையோடு முன்னுக்குப் போனேன். குரல் நடுங்கவில்லை. "சகோதரரே, நான் சொன்னது பொய். புயலும் இல்லை, ஆழமும் இல்லை" என்று எல்லோருக்கும் முன்னால் தெளிவாகச் சொன்னேன். சபை திகைத்தது. ஒரு தாத்தா "ஆமென்" என்றார். ரூ.அ.வின் கண்ணில் நீர். சீ.அ. எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

மேலே உள்ள பந்தி முழுவதும் புளுகு. "காற்று பழையபடி" என்பது மட்டும் உண்மை. இந்தக் கொப்பியை ஒருவரும் பார்க்கப் போவதில்லை, இதற்குள்ளும் புளுகுகிறேன் என்றால் எனக்கு ஏதோ வருத்தம் இருக்கிறது. வெட்டாமல் விடுகிறேன். இருக்கட்டும், பார்க்கிற நேரம் வெட்கப்பட.

நடந்தது:

ரூ.அ. பெயரைச் சொன்னார். முன்னுக்குப் போனேன். ஒலிவாங்கி கீச்சிட்டது. முன் வரிசையில் ஊர்ப் பெண்கள், மடியில் பிள்ளைகள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், சீ.அ. காலடியில் பை. வவுனியா பஸ் பதினொன்றுக்கு. சுவர் மணிக்கூட்டில் பத்து முப்பத்தைந்து.

"நான்" என்றேன்.

ஐந்து தரம் சொல்லலாம் என்றார்கள். ஒரு தரத்தோடு நின்றுபோனேன். ஒரு பிள்ளை சிரித்தது. ரூ.அ. "சொல்லு மனே" என்று உதட்டை அசைத்தார்.

"எனக்குச் சாட்சி இல்லை" என்றேன். அதுவும் ஒலிவாங்கிக்கு வெளியே. முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். வந்து கதிரையில் இருந்துவிட்டேன். பிரவீன் முழங்கையால் இடித்தான்: "என்னாடா, மறந்துட்டியா?" ரூ.அ. உடனே ஒரு பாட்டைத் தொடங்கினார்.

பாட்டு நடக்கும்போது கதவைப் பார்த்தேன். கதிரை காலி. பை இல்லை.

ஓடினேன். அவருடைய செருப்பைத்தான் போட்டிருந்தேன், பெரிய அளவு, இரண்டு அடிக்கு ஒரு தரம் கழன்றது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். தார் வீதி சுட்டது. பஸ் தரிப்பிடத்தில் அவர் தனியாக நின்றார்.

"அண்ணா, ஒரு இடம் காட்டணும்."

"பஸ் வரப்போகுது."

"பத்து நிமிசம். அண்ணா, பத்தே பத்து நிமிசம்."

என்ன முகத்தோடு கேட்டேனோ தெரியாது, வந்தார். தென்னந்தோட்டத்துக்குள்ளால் கரைக்கு. நான் நிற்கவில்லை. கோயிலுக்கென்று அம்மா அயர்ன் பண்ணித் தந்த காற்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினேன். நடந்தேன். சேறு. இன்னும் நடந்தேன். தோணிகள் கட்டுகிற கம்பு வரை போய்த் திரும்பி நின்றேன். அவர் கரையில், தோளில் பை.

"என்னடா செய்யிறாய்?"

"வாங்க அண்ணா!"

சப்பாத்தைக் கழற்றாமலே வந்தார். தண்ணீர் ஏறும் ஏறும் என்று பார்த்துக்கொண்டே வருவது தெரிந்தது. ஒரு கை பையில். மற்றக் கை, அவருக்கே தெரியாமல், பக்கத்தில் யாரையோ பிடித்திருக்கிற மாதிரி நீண்டிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு ஏன் கூப்பிட்டோம் என்று இருந்தது. அவரைத் தண்ணீருக்குள் கூப்பிட எனக்கு என்ன உரிமை?

வந்துவிட்டார். பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது.

"இதுதான் அண்ணா இடம்."

"என்ன இடம்?"

"நான் மூழ்கின இடம்."

குனிந்து பார்த்தார். தண்ணீர் என் முழங்காலில் நின்றது. அவருக்கு முழங்காலுக்கும் கீழே. நீண்ட நேரம் அதையே பார்த்தார். ஒரு சின்ன மீன் கூட்டம் எங்கள் காலைச் சுற்றிப் போனது.

"புயல்?"

"இல்ல."

"இருட்டு?"

"மத்தியானம் ரெண்டு மணி."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"ஆர் தூக்கினது?"

"ரஹீம் நானா. மீன் கொண்டாற ஆள். அவர்ட தோணிதான்."

"அந்தாளின்ர கை."

"ஓம்."

பஸ் ஹோர்ன் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப கூப்பிட்டது?" குரல் மாறிவிட்டது. "மூண்டு தரம் கூப்பிட்டதெண்டு சொன்னனீ. அதாவது உண்மையோ?"

"இல்ல அண்ணா."

"என்ன சொல்லிக் கூப்பிட்டனீ? சொல்லடா. எனக்கு அது தெரிய வேணும்."

"அம்மா எண்டு."

அவர் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். பையோடு, சப்பாத்தோடு. மடிப்புக் கலையாத மூன்று சேட்டும் தண்ணீருக்குள்.

"அவனும் அப்பிடித்தான்" என்றார். "றெஜியும் அம்மா எண்டுதான்டா கூப்பிட்டவன். அவன் பிழையாக் கூப்பிட்டிட்டான் எண்டு நினைச்சனான். ரெண்டு நாளா அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

பிறகு அழுதார். சத்தமாக. கழுத்துப் பொத்தான் பூட்டியபடி. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் இருந்தேன். இருந்தால் தண்ணீர் இடுப்பு வரை வருகிறது. "மன்னிச்சிருங்க அண்ணா" என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

இப்போது பின்னேரம் மூன்று மணி. கொடியில் அவருடைய மூன்று சேட், பக்கத்தில் என் காற்சட்டை. இரண்டு மணி பஸ்ஸும் போய்விட்டது. ஏன் ஏறவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர் குசினி வாசலில் ரஹீம் நானாவோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். இங்கிருந்து பார்க்க, நானா தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டு ஏதோ காட்டுகிறார். ரூ.அ.விடமும் மற்ற எல்லோரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. தேநீருக்கு விசில் அடித்ததும் சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி சொல்லலாமா என்று கேட்கப் போகிறேன்.

எத்தனை தரம் அம்மா என்று கத்தினேன் என்று சீ.அ. கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. பாலாவிச் சந்தி வரைக்கும் கேட்டது என்பார் நானா. இன்னொன்று நானாவுக்கும் தெரியாது, இங்கே மட்டும்: அன்றைக்கு என் காற்சட்டை நனைந்தது தோணி விளிம்பில் நிற்கும்போதே. தண்ணீரில் விழுந்தது அதற்குப் பிறகுதான்.